சந்தைக்குப் போகும் வண்டிக்கு 12 வோல்ட் போதும்!

வாரச் சந்தைக்கும் திருவிழாக் கடைக்கும் சரக்கேற்றிச் செல்லும் நம் வணிகர்கள் கொள்முதலில் ஏமாறுவதில்லை. மிளகாய் மூட்டையில் கையை விட்டு அடிச் சரக்கை எடுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் டின்னைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். எடையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் மண்டிக்காரரிடம் கேள்வி கேட்பார்கள். ஆனால் அதே வணிகர் தம் வண்டியில் விளக்கெரிய பேட்டரியும் வயரும் பொருத்தும்போது மட்டும் கணக்கும் பார்ப்பதில்லை, தரமும் பார்ப்பதில்லை. "ஏதாவது போட்டுக் கொடப்பா, நாளைக்குச் சந்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஐந்து லட்ச ரூபாய் வண்டி, அதற்குள் ஒன்றிரண்டு லட்ச ரூபாய் சரக்கு. இவ்வளவையும் ஒரு சாண் வயரை நம்பி விடுகிறோம். இது சரிதானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தைக் கடைக்கும் சுற்றுப்பயண வண்டிக்கும் கொக்கி வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், பெரிய இன்வெர்ட்டரும் வேண்டாம். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும், அளவான வயரும், அதற்கேற்ற ஃபியூஸும் போதும். ஆனால் அதை முறையாகச் செய்ய வேண்டும். அரைகுறையாகச் செய்த 12 வோல்ட் இணைப்பு வண்டியையே எரித்துவிடும்.

இன்றைய நிலை

பெட்ரோமாக்ஸ் விளக்குக் காலம் போய்விட்டது. இப்போது சந்தையில் மூன்று வகையாக வெளிச்சம் வாங்குகிறோம்.

முதலாவது, பக்கத்துக் கம்பத்தில் கொக்கி. இது மின்திருட்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க வழி உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மழைத் தண்ணீர் தேங்கிய சந்தைத் தரையில், ஒட்டுப்போட்ட வயரில் 230 வோல்ட் ஓடுகிறது என்றால், அங்கே நிற்பது நாமும் நம் வாடிக்கையாளரும்தான். குத்தகைதாரரிடம் பல்புக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து எடுத்தாலும் அந்த ஆபத்து குறைவதில்லை.

இரண்டாவது, பெட்ரோல் ஜெனரேட்டர். நாலு விளக்கு எரிய ஒரு எஞ்சின் ஓட வேண்டுமா? சத்தத்தில் வாடிக்கையாளர் விலை கேட்பதே காதில் விழாது. மளிகைக் கடைக்காரருக்கு இன்னொரு கேடும் உண்டு. டீத்தூளும் மாவும் அரிசியும் அக்கம்பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். அவற்றோடு ஒரே வண்டியில் பெட்ரோல் கேனை ஏற்றிச் செல்பவர், அடுத்த வாரம் வாடிக்கையாளர் வீட்டிலிருந்து புகார் வரும்போது யாரைக் குறை சொல்வது? மூடிய வண்டிக்குள் ஜெனரேட்டரை ஓட்டினால் அந்தப் புகை உயிரையே குடிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது, வண்டியின் பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுப்பது. இதுதான் இன்று மிகுதி. இரவு பத்து மணிக்குக் கடையைக் கட்டிவிட்டுச் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பாது. தள்ளிவிட ஆள் தேட வேண்டும். வண்டி பேட்டரி ஸ்டார்ட்டருக்காகச் செய்யப்பட்டது. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துகொள்ளும். அதற்காக அதன் தகடுகள் மெல்லியதாக இருக்கும். மணிக்கணக்கில் நின்று விளக்கெரிப்பது அதன் வேலையல்ல. சில முறை அடிவரை வடித்துவிட்டாலே அதன் ஆயுள் பாதியாகிவிடும். அரை நாள் வேலைக்கு வந்த ஆளை முழு ஆண்டுச் சம்பளமில்லா வேலைக்கு நிறுத்தியது போலத்தான்.

கணக்கு முதலில், பேட்டரி பிறகு

நாம் கடைக்குச் சரக்கு போடும்போது விற்பனையைக் கணக்கிட்டு இருப்பு வைக்கிறோம். பேட்டரியும் இருப்புதான். அதில் எவ்வளவு செலவாகும் என்று தெரியாமல் எவ்வளவு வாங்குவது?

மாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரையான ஒரு சந்தைக் கடையை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு என்றால் 36 வாட். 12 வோல்ட் மின்விசிறி ஒன்றுக்கு 15 வாட். செல்போன், பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், சிறு பில் மெஷின் ஆகியவற்றுக்கு 10 வாட். எலக்ட்ரானிக் தராசுக்கு 5 வாட் என்று தாராளமாக வைப்போம். மொத்தம் 66 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 330 வாட்-மணி. இதை 12ஆல் வகுத்தால் 27.5 ஏ.எச். வருகிறது. பேட்டரியின் மேல் 75 ஏ.எச்., 100 ஏ.எச். என்று போட்டிருக்கிறார்களே, அதே அளவுதான் இது. வழியில் போகும் சேதாரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 33 ஏ.எச்.

இனி பேட்டரியைத் தேர்ந்தெடுப்போம். ஈய பேட்டரி என்றால் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஆயுள் குறையும். ஆகவே 33க்கு இரட்டிப்பாக 66 வேண்டும். கடையில் கிடைக்கும் அளவில் 75 அல்லது 80 ஏ.எச். வாங்கலாம். இன்வெர்ட்டருக்கு விற்கும் ட்யூபுலர் வகை இதற்கு ஏற்றது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் ஐந்தில் நான்கு பங்கு தாராளமாக எடுக்கலாம். அங்கே 50 ஏ.எச். போதும். விலை கூடுதல்தான். ஆனால் எடை பாதிக்கும் கீழே. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். மாதம் ஒரு சந்தை போகிறவர் ஈய பேட்டரியோடு நிற்கலாம். வாரத்தில் ஐந்து நாள் சந்தை சுற்றுகிறவருக்கு லித்தியமே கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அந்த ஏ.எச். எத்தனை மணி நேரக் கணக்கு என்று கேளுங்கள். 20 மணி நேரக் கணக்கில் 100 என்பதும், 10 மணி நேரக் கணக்கில் 100 என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதே பெரிய பேட்டரி. இன்னொன்று, தராசில் வையுங்கள். ஈய பேட்டரியின் சத்து அதிலுள்ள ஈயத்தில்தான் இருக்கிறது. மற்றவை ஒத்திருக்க, ஒரே அளவு எழுதிய இரண்டு பேட்டரிகளில் ஒன்று நாலைந்து கிலோ குறைவாக இருந்தால், எழுத்தை நம்பாமல் எடையை நம்புங்கள். எடை பார்த்து வாங்குவதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயரில் போகும் சேதாரம்

வீட்டு வயரிங் செய்யும் நல்ல எலக்ட்ரீஷியன்கூடத் தவறுவது இந்த இடத்தில்தான். அதே 66 வாட் வீட்டில் 230 வோல்ட்டில் எரிந்தால் வயரில் ஓடுவது கால் ஆம்பியரைச் சற்றே தாண்டும். 12 வோல்ட்டில் அது ஐந்தரை ஆம்பியர். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏறினால் வயர் தடிக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து கடை விளக்குக்கு ஐந்து மீட்டர் என்றால், போக வர பத்து மீட்டர் வயர். 1 ஸ்கொயர் செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். நூற்றுக்கு எட்டு! எந்த மண்டியில் நாம் நூற்றுக்கு எட்டு சேதாரம் கொடுப்போம்? 2.5 ஸ்கொயர் போட்டால் நூற்றுக்கு மூன்றளவில் நிற்கும். 4 ஸ்கொயர் போட்டால் இரண்டுதான். விளக்கு மங்கலாக எரிகிறது, பேட்டரி சரியில்லை என்று பேட்டரியை மாற்றியவர்கள் பலர். குற்றம் பேட்டரியில் இல்லை, வயரில் இருந்தது. அந்தச் சேதாரம் காற்றில் போவதில்லை, வயரைச் சூடாக்குகிறது. மூட்டைகளுக்கு அடியில் ஓடும் வயர் சூடாவதென்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை.

அலுமினிய வயரும், மேலே செம்புப் பூச்சு பூசிய வயரும் மலிவாகக் கிடைக்கின்றன. வண்டி குலுங்கும்போது ஒற்றைக் கம்பி வயர் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட நல்ல செம்பு வயரையே சிவப்பு, கறுப்பு என்று இரு நிறத்தில் போடுங்கள்.

ஃபியூஸ் இல்லாத வண்டி

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. அதனாலேயே எல்லோரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பானரால் இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பானரே பழுக்கும். ஆள் தப்பலாம், வண்டி தப்பாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சந்தையில் என் கண்ணெதிரே நடந்தது இது. எங்களுக்கு மூன்றாவது கடை. பேட்டரியிலிருந்து வந்த வயர் பின்கதவின் கீல் ஓரமாகப் போயிருக்கிறது. கதவு திறந்து மூடித் திறந்து மூடி, வயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு தகரத்தில் பட்டுவிட்டது. சாக்குகளுக்கு அடியிலிருந்து புகை. நாலைந்து பேர் சேர்ந்து மூட்டைகளை இழுத்துப் போட்டு, வயரை அறுத்து, மண்ணை வாரி இறைத்து அணைத்தோம். எண்ணெய் டின்கள் நாலடி தள்ளி இருந்ததால் பிழைத்தார். அந்த வயரில் ஃபியூஸ் இல்லை. சில ரூபாய் பொருள். "தேவையில்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்.

ஆகவே இதை விதியாகவே வைத்துக்கொள்வோம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. ஆகவே வயரின் அளவுக்கேற்பத்தான் அது இருக்க வேண்டும். 2.5 ஸ்கொயர் வயருக்கு 15 ஆம்பியர் போதும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் கம்பியைச் சுற்றுபவர், கல்லாப்பெட்டிப் பூட்டு இறுகுகிறது என்று பூட்டையே கழற்றி எறிபவருக்குச் சமம். தகரத்தைத் தாண்டும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். பேட்டரியைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதை மூடிய பெட்டிக்குள், அடுப்புக்கும் காஸ் சிலிண்டருக்கும் பக்கத்தில் வைக்கக் கூடவே கூடாது.

திரும்ப நிரப்புவது எப்படி?

எடுத்த இருப்பைத் திரும்ப நிரப்ப மூன்று வழிகள் உண்டு. கடையில் இரவு முழுவதும் சார்ஜரில் போடுவது முதல் வழி. எளிமையானதும் நம்பகமானதும் இதுதான். ஈய பேட்டரி முக்கால் பங்கு வேகமாக நிறைந்துவிடும், கடைசிக் கால் பங்குக்குப் பல மணி நேரம் இழுக்கும். ஆனால் அதை முழுதாக நிரப்பாமல் அரைகுறையாகவே போட்டுவைத்தால் தகட்டில் வெள்ளை பூத்துக் கெட்டுவிடும்.

இரண்டாவது, வண்டி ஓடும்போதே நிரப்புவது. இரண்டு பேட்டரிகளையும் நேராக இணைத்துவிடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே நடுவில் வேண்டும். அந்த இணைப்பு வயரின் இரு பக்கமும் பேட்டரி இருப்பதால் இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வந்த சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும். அவற்றுக்கும், லித்தியம் பேட்டரிக்கும் ரிலே போதாது. இதற்கென்றே உள்ள டி.சி. சார்ஜர் போட வேண்டும். லாரி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவும். அங்கே இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் இரண்டும் சமநிலை கெட்டுச் சீக்கிரம் பழுதாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

மூன்றாவது சோலார். நம் ஊர் வெயிலில் 100 வாட் தகடு ஒரு நல்ல நாளில் 400 வாட்-மணி அளவுக்குத் தரும். மேலே போட்ட 330 கணக்குக்கு அது போதும். ஆனால் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சோலாரைத் திட்டக்கூடாது. தகட்டில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரவு பாதிக்கு மேல் சரியும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதை நம்பி இறங்க வேண்டாம். சோலார் உபரி வருமானம், சார்ஜரே நிலையான வருமானம் என்று கொள்ளுங்கள்.

தினமும் இருப்பைச் சரிபார்க்கச் சாதாரண மீட்டர் ஒன்று போதும். சில மணி நேரம் ஓய்வாக இருந்த ஈய பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. 12க்குக் கீழே போனால் கல்லாவைத் துடைத்தாயிற்று என்று பொருள். லித்தியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு ஏ.எச். எண்ணிக் காட்டும் மீட்டர் வேண்டும்.

"இன்வெர்ட்டர் போட்டால் என்ன?"

இந்தக் கேள்வியை நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். வீட்டுப் பல்பையும் வீட்டு ஃபேனையும் அப்படியே மாட்டலாமே என்கிறார்கள். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மீண்டும் பல்புக்குள்ளே குறைத்து எரிப்பது, ஒரே மூட்டையை இரண்டு முறை ஏற்றி இறக்குவது போன்றது. கூலி இரண்டு முறை. பத்து பதினைந்து விழுக்காடு அதிலேயே போகும். ஒன்றும் மாட்டாமல் சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். அதோடு, சந்தைத் தரையில் வேண்டாம் என்று நாம் சொன்ன 230 வோல்ட் திரும்பவும் வந்து நிற்கிறது.

ஜூஸ் கடைக்காரர்களின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 750 வாட் மிக்ஸி ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் போகும். அதற்குப் பெரிய பேட்டரி, விரல் தடிமன் வயர் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். அவர்கள் முறையான மின் இணைப்பு உள்ள இடத்தையே கேட்டு வாங்குவது நல்லது. மளிகை, காய்கறி, பாத்திரம், துணி, வளையல் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

யாத்திரை வண்டிகள்

நம்மில் பலர் சபரிமலைக்கும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் சரக்கு வண்டியையோ வாடகை வேனையோ கட்டிக்கொண்டு குடும்பத்தோடும் குழுவோடும் போகிறோம். வழியில் இறங்கிச் சமைத்து, வண்டியோரம் படுத்து எழுகிறோம். கணக்கு அங்கேயும் இதேதான். இரண்டு விசிறி எட்டு மணி நேரம் ஓட 240, மூன்று சிறு விளக்கு இரண்டு மணி நேரம் எரிய 30, ஆறு செல்போனுக்கு 90. ஆக 360 வாட்-மணி. சந்தைக்கு வாங்கிய பேட்டரியே யாத்திரைக்கும் ஓர் இரவு தாங்கும். ஒரே முதலீடு, இரண்டு பயன். பஜனை ஆம்ப்ளிஃபையர் சேர்த்தால் அதன் வாட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் யாத்திரை வண்டியில் தூங்குவது மனிதர்கள். சரக்கு வண்டியில் ஃபியூஸ் இல்லாவிட்டால் சரக்கு போகும். இங்கே போவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. வேன் வாடகைக்கு விடும் உறுப்பினர்கள் பருவம் தொடங்கும் முன் இதைச் சரிபார்ப்பது அவர்கள் கடமை.

நாம் செய்ய வேண்டியது

குறை வாங்குபவரிடம் மட்டும் இல்லை. விற்பவர்களும் நாம்தான். நம் சங்கத்தில் ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்போர் பலர். எத்தனை கடைகளில் ஃபியூஸ் ஹோல்டர் கேட்டவுடன் கிடைக்கிறது? எத்தனை கடைகளில் அளவு கேட்டு வயர் கொடுக்கிறோம்? "வண்டிக்கு" என்று கேட்டு வருபவருக்கு மணி அடிக்கும் மெல்லிய வயரை வெட்டிக் கொடுத்தால் அன்றைக்கு வியாபாரம் நடக்கும். அந்த வண்டி எரிந்தால் எரிவது இன்னொரு வணிகனின் முதல்.

வாங்குவோர் கடைப் பெயரில் ரசீது கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்துக்கு அதுதான் சாட்சி. சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் தொழிலுக்காக வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. பழைய பேட்டரியைக் காயலான் கடையில் தள்ளாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைத்திருக்கின்றன. வண்டியின் இன்சூரன்ஸ் நிபந்தனையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தாறுமாறான வயரிங் இருந்தால் இழப்பீட்டில் இடக்கு வரும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கடையடைத்துக் கூடுகிறோம். மாநாடும் தீர்மானமும் வேண்டியவைதான். அன்று காலையில் ஒவ்வோர் ஊர்க் கிளையும் தகுதியுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து, சந்தைக்குப் போகும் உறுப்பினர் வண்டிகளை வரிசையில் நிறுத்தி வயரும் ஃபியூஸும் சோதித்துக் கொடுத்தால் என்ன? ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். ஃபியூஸ் இல்லாத வண்டிக்கு அங்கேயே போட்டுவிடலாம். அந்தச் செலவை எலக்ட்ரிக்கல் கடை உறுப்பினர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள் என்றே நம்புகிறேன்.

சரக்கை அளந்து விற்கும் நாம் மின்சாரத்தையும் அளந்து வாங்கப் பழகுவோம். அடுத்த சந்தை நாளுக்கு முன் ஒவ்வொருவரும் பேட்டரி மூடியைத் திறந்து, சிவப்பு வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், அதைப் போட்ட பிறகே மூட்டையை ஏற்றுங்கள்.